படிக்கிற பிள்ளைக்குப் பந்தலில் என்ன வேலை?

படிக்கிற பிள்ளையைக் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கருமாதி என்று எந்த விசேஷத்துக்கும் அழைத்துக்கொண்டு போகலாகாது என்னும் அபிப்பிராயம், கற்றவர் கல்லாதவர், செல்வர் வறியவர் என்ற பேதமின்றி, நம் குடும்பங்களில் இப்போது வேரூன்றிவிட்டது. பத்திரிகை வைக்க வந்த உறவினரிடம், "இந்த வருஷம் பாப்பா பிளஸ் டூ, எங்களில் யாராவது ஒருத்தர் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறோம், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்வதும், தாம்பாளத்தோடு வந்தவரும், "அதனால் என்ன மாமா, படிப்புதானே முக்கியம்" என்று சமாதானம் கூறி எழுந்து போவதும் புதிய சம்பிரதாயங்களாகிவிட்டன. பெரியப்பா இறந்த செய்தியைப் பரீட்சை முடியும்வரை பிள்ளையின் காதில் விழாமல் காத்த வீடுகள் உண்டு. அதை ஒரு தியாகமாக எண்ணி ஊராரிடம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெற்றோரும் உண்டு. இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதும், எந்தக் கல்வியைக் காப்பதற்காக இத்தனை கட்டுப்பாடும் விதிக்கப்படுகிறதோ அந்தக் கல்விக்கே இதனால் ஊனம் நேர்கிறது என்பதும் என் கட்சி.

எதிர்க்கட்சியாரின் வாதத்தை இளக்காரமாகப் பேச நான் விரும்பவில்லை. அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒரு தகப்பனாருக்கு, அந்தப் பிள்ளை வாங்கும் மதிப்பெண்ணைத் தவிர, தம் குடும்பம் ஒரு படியேனும் மேலேறுவதற்கு வேறு வழி எதையும் இந்தச் சமூகம் விட்டுவைக்கவில்லை. நீட் தேர்வில் சில மதிப்பெண் குறைந்தால் அரசு மருத்துவக் கல்லூரி கைநழுவிப்போய், தனியார் கல்லூரியின் கட்டணம் லட்சக்கணக்கில் எதிரே வந்து நிற்கும் என்பதைக் கண்கூடாகக் கண்டவர்கள் அவர்கள். நான்கு தலைமுறையாகப் படித்த வீட்டில் பிறந்த ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்துகொண்டு அவர்களுடைய கவலையைப் பரிகசிப்பது நியாயமாகாது. ஆயினும், கவலை உண்மையானது என்பதனாலேயே அதற்குக் கண்டுபிடித்த பரிகாரமும் சரியானதாகிவிடாது. விசேஷங்களால் படிக்கும் காலம் விரயமாகிறது என்றும், அங்கே ஆடம்பரமும் வம்புப் பேச்சும் மூடப் பழக்கமும் அன்றி ஒரு பிள்ளை கற்பதற்கு ஏதுமில்லை என்றும், உறவு முறைகளையெல்லாம் படித்து முடித்துப் பெரியவனான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவர்கள் சொல்லும் நியாயங்களில் ஒன்றேனும் பரிசீலனைக்கு நிற்கிறதா என்று பார்ப்போம்.

காலக் கணக்கை விரைவிலேயே தீர்த்துவிடலாம். உள்ளூர் முகூர்த்தமானால் அரை நாள். வெளியூரானால் ஒரு நாள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் இல்லை. புரட்டாசியையும் பலர் விலக்கிவிடுகிறார்கள். எஞ்சிய மாதங்களிலும், போகாமல் தீராத நெருங்கிய உறவின் விசேஷங்கள் ஒரு குடும்பத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்க அளவில்தான் வரும். வீட்டில் தனியே விட்டுச்செல்லப்பட்ட பிள்ளை அந்த நேரத்தில் வேதியியல் சமன்பாடுகளில் ஆழ்ந்திருப்பான் என்று மெய்யாகவே நம்புகிற பெற்றோர், தங்கள் பிள்ளைப் பிராயத்தை முற்றிலும் மறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அத்தை மகள் மண்டபத்திலிருந்து அனுப்பும் படங்களை அவன் கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பான். உடல் மேசையண்டையும் மனம் பந்தலிலுமாக, அந்த அரை நாள் இரண்டு பக்கத்துக்கும் உதவாமல் கழிந்துவிடும்.

இதைக் காட்டிலும் முக்கியமானது, இவ்வாதத்தின் அடியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் மறைந்து நிற்கும் ஒரு கொள்கை. கல்வியென்பது ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நூலோடு தனியே நடத்தும் காரியம் என்பதே அது. நம்முடைய முன்னோர் கல்வியை ஒருபோதும் அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை. திருக்குறளில் கல்வி 40-ஆம் அதிகாரம், கல்லாமை 41; அதை அடுத்து அறிவுடைமையை வைத்திருக்கலாம் அல்லவா? வள்ளுவர் இடையிலே கேள்வியை 42-ஆம் அதிகாரமாக வைத்து, அதற்குப் பின்னரே அறிவுடைமைக்கு வருகிறார். படித்தவன் நாலு பேர் வாய்ச்சொல்லைக் கேளாமல் அறிவுடையவன் ஆகிவிடுவதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மேலும் பொருட்பாலில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களை முழுதுமாக ஒதுக்கி, கற்றிருந்தும் நல்லோர் கூடிய சபைக்கு அஞ்சுகிறவனைக் கல்லாதவனுக்கும் கீழே வைக்கிறார். நூல் இயற்றிய புலவனுக்கும் இதே விதிதான். நிலந்தரு திருவிற் பாண்டியனுடைய அவையில், அதங்கோட்டாசான் கேட்கத் தொல்காப்பியம் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்லுகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தைத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்திலும், கம்பர் தம் காவியத்தைத் திருவரங்கத்திலும் அரங்கேற்றியதாக வழங்கும் வரலாறுகளில் சரித்திரம் எவ்வளவு, ஐதிகம் எவ்வளவு என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். எழுதி முடித்த நூலும் ஒரு வைபவத்தைக் கடந்தே நூலாகும் என்பதில் எல்லாக் கதைகளும் ஒருமுகமாக இருக்கின்றன.

பழங்கதையைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன் என்று யாரும் எண்ணாதபடி, எல்லோரும் அறிந்த ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் (1855–1942) தமிழ் கற்ற வரலாறு 'என் சரித்திரம்' என்னும் அவருடைய நூலில் விரிவாகக் கிடைக்கிறது. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடம் சொன்ன இடத்துக்கு நாலு சுவர் இல்லை. மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடிக்கும் வழக்கமும் இல்லை. திருவாவடுதுறை ஆதீனத்துக் குருபூஜையில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வித்துவான்களும் சங்கீத வித்துவான்களும் வந்து கூடும் கோலாகலத்தை ஐயரவர்கள் வருணிக்கும் பகுதிகளைப் படிக்கிறவர்களுக்கு, அந்த இளைஞர் அந்தக் கூட்டத்தினிடையே நின்று எத்தனை பாடங்களை ஒருங்கே கற்றார் என்பது விளங்கும். பிள்ளையவர்கள் தாம் இயற்றிய திருப்பெருந்துறைப் புராணத்தை ஆவுடையார்கோயிலில் அரங்கேற்றச் சென்றபோது ஐயரும் உடன் சென்றார். ஒரு தல புராண அரங்கேற்றமென்றால் ஓரிரு நாளில் முடிகிற விஷயமா? தினந்தோறும் சில செய்யுட்கள் படிக்கப்பட்டு, அவற்றுக்கு ஆசிரியர் சபையில் பொருள் விரித்து, மாதக்கணக்கில் நடக்கும். மாணாக்கனுக்கு வகுப்பு போய்விட்டதே என்று அக்காலத்தில் எவரும் அங்கலாய்க்கவில்லை. ஏனெனில் அதுவே வகுப்பு.

இதைவிடத் தெளிவான சான்று, அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த பின்னர் நிகழ்ந்தது. அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், 1880-இல், ஐயர் படித்திருந்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை ஆகியவற்றின் நீண்ட பட்டியலைக் கேட்டுச் சிறிதும் வியக்காமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியதும், அவ்வினாவால் தமிழிலக்கியச் சரித்திரமே வேறு திசையில் திரும்பியதும் பலரும் அறிந்தவை. அறியவேண்டியபடி அறியப்படாதது அதற்கு அடுத்த கட்டம். சிந்தாமணியின் ஏடும் நச்சினார்க்கினியர் உரையும் கைக்குக் கிடைத்தும், அதில் மலிந்து கிடந்த சைன சமயச் செய்திகள் சைவ மரபில் கற்ற புலவருக்கு விளங்கவில்லை. விளக்குவார் எவரும் வித்துவான்களிடையே அகப்படவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சைனர் ஒருவருடைய இல்லத்துக்கு ஐயர் விசாரித்துக்கொண்டு சென்றபோது, அன்று அங்கே ஏதோ விசேஷம் நடப்பதற்கான அடையாளங்களைக் கண்டு, என்னவென்று கேட்டிருக்கிறார். தாங்கள் சிந்தாமணியைப் பாராயணமாகப் படித்துவந்ததாகவும், அன்று அது பூர்த்தியாவதாகவும் அவர்கள் சொன்னார்களாம். தமிழ்நாட்டுப் புலவர்கள் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த ஒரு மகாகாவியம், ஒரு வீட்டுக் கூடத்தில், ஒரு சடங்காக, பொருள் தெரிந்தவர்களால் உயிரோடு காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது! அந்தச் சைன நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்த பொருள்களைக் கொண்டே அவர் 1887-இல் சிந்தாமணியை அச்சேற்றினார். சடங்கு வேறு, கல்வி வேறு என்று இரண்டையும் வெட்டிப் பிரிக்கிறவர்கள், அன்று அந்தக் கூடத்தில் நடந்ததை எந்தப் பக்கத்தில் சேர்ப்பார்கள்?

கல்விக்கென்றே ஏற்பட்ட சடங்குகளைக்கூட நாம் இப்போது சரியாகப் பார்ப்பதில்லை. விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறோம். உறவினர் சூழ்ந்து நிற்க, ஒரு வைபவத்தோடுதான் எழுத்து தொடங்குகிறது. அதற்கு முந்தின நாளான சரசுவதி பூஜையில் புத்தகங்களை அடுக்கிச் சந்தனமிட்டு, அன்று ஒருவரும் படிக்கலாகாது என்று பெரியவர்கள் விதித்தார்கள். கல்வித் தெய்வத்தின் நாளிலேயே படிப்புக்கு விடுமுறை அளித்தவர்களுக்குக் கல்வியின் அருமை தெரியாது என்றா சொல்வது? (கணக்குப் புத்தகத்தை முதலாவதாகக் கொண்டுவந்து வைக்கிற பிள்ளைகளின் பக்தியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. முக்கியமான கையேடு ஒன்றை மட்டும் பூஜையில் சேர்க்காமல் முன்னெச்சரிக்கையாக எடுத்து ஒளித்துவைக்கும் தாய்மார்களைத்தான் சொல்கிறேன்.)

பிராமணர் முதலிய சில வகுப்பாரின் விவாகத்தில் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு உண்டு. படித்து முடித்த பிரம்மசாரி, குடையும் தடியும் விசிறியும் ஏந்தி, பாதரட்சை அணிந்து, இல்லறம் வேண்டாமென்று காசிக்குப் புறப்படுகிறான். பெண்ணின் தகப்பனார் எதிரே வந்து மறித்து, என் பெண்ணைத் தருகிறேன், கிருகஸ்தனாக இரும் என்று வேண்டி அழைத்து வருகிறார். பார்த்தவர்களெல்லாரும் சிரித்துவிட்டு வீடியோக்காரருக்கு வழிவிடுகிறார்கள். ஆனால் நாம் இங்கே விவாதிக்கும் வழக்கே அங்கு நாடகமாக நடத்தப்படுகிறது என்பதைக் கவனித்தால், சிரிப்பு அடங்கிவிடும். தனித்திருந்து மேலும் மேலும் கற்றுக்கொண்டே போவேன் என்பவனை, ஊரார் முன்னிலையில், போதும், கற்றதோடு மனிதர் நடுவே வந்து நில் என்று திருப்பி அழைக்கிறார்கள். வைதிக மரபில் குருகுலவாசம் முடிந்ததற்கு அடையாளம் ஒரு பத்திரமன்று. ஸமாவர்த்தனம் என்னும் ஸ்நானச் சடங்கு. அங்கிருந்து அவன் திரும்பி வருவது வீட்டுக்கும் உறவுக்கும்.

விசேஷத்தில் கற்பதற்கு ஒன்றுமில்லை என்பவர்கள், பெரும்பாலும் மண்டபத்துக்கு இரவு எட்டு மணிக்குச் சென்று, மேடைக்கு ஏறி, படத்துக்கு நின்று, சாப்பிட்டு, ஒன்பதரைக்குத் திரும்பிவிடுகிறவர்கள். அவர்கள் பார்த்தது விசேஷத்தின் ஓரத்தை மட்டுமே. சாவு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயாக வேண்டும் என்று நம் கிராமத்தார் சொல்வதன் காரணம் அங்கேதான் விளங்கும். அந்த வீட்டு வாசலில் யாரும் யாரையும் வாங்க என்று அழைப்பதில்லை. புறப்படும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதுமில்லை. இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. ஒருமுறை பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. நீர்மாலைக்கு யார் போக வேண்டும், பிறந்த வீட்டுக் கோடி எப்போது வரும், கொள்ளிக்குடம் தூக்குகிறவன் யார், பதினாறாம் நாள் தலைப்பாகை கட்டுவது எந்த முறைக்காரர் என்று அங்கே நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை, பங்காளி யார், மாமன் மைத்துனன் யார் என்னும் சமூகத்தின் முழு இலக்கணத்தையும் உதாரணங்களோடு கற்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி ஒருத்தி, இறந்தவருடைய வாழ்க்கை முழுவதையும், அவர் வாங்கிய நிலம் முதல் அவர் பட்ட அவமானம் வரை, எதுகையும் மோனையும் தவறாமல் அந்தக் கணத்திலேயே ஒப்பாரியாகக் கட்டிப் பாடுவதை அவன் கேட்கிறான். செய்யுளியலில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்த எதுகையும் மோனையும் எதற்கு ஏற்பட்டன என்பது அன்று அவனுக்குத் தெரியும்.

கல்யாணப் பந்தலிலும் மொய்ப் பந்தலிலும் இத்தகைய வித்தை குறைவன்று. பேராவூரணி, கீரமங்கலம் பக்கங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்துகளில், மொய் நோட்டுக்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிள்ளை, எந்த ஊர், இன்னார் மகன், எவ்வளவு என்று எழுதிக்கொண்டே, வட்டியின்றிக் கைமாறித் திரும்பி வரும் ஒரு முதலீட்டின் ஓட்டத்தைக் கண்ணால் காண்கிறான்; வணிகவியல் ஆசிரியர் பற்று, வரவு என்று சொல்லும்போது அவனுக்கு முகங்கள் நினைவுக்கு வரும்.

இவ்வளவும் இருந்தும், எல்லாம் மூடப் பழக்கந்தானே என்று கேட்கிற பகுத்தறிவாளருக்கு ஒரு வார்த்தை. மந்திரத்தையும் புரோகிதரையும் அறவே ஒழிக்கப் புறப்பட்ட சுயமரியாதை இயக்கத்தார் பந்தலை ஒழித்தார்களா? 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த திருமணத்துக்குப் பின், கல்யாணப் பந்தல்கள் பல ஊர்களில் பிரசங்க மண்டபங்களாயின. பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத ஆயிரக்கணக்கான ஆடவரும் பெண்டிரும் பெண்ணுரிமை, சாதி, சரித்திரம் ஆகியவற்றைப் பற்றி முதன்முதலாகக் கேட்டது அந்தப் பந்தல்களில்தான். அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967-இல் நிறைவேறிய இந்து திருமணத் திருத்தச் சட்டம் இத்திருமணங்களுக்கு அங்கீகாரம் அளித்தது. அச்சட்டம் புரோகிதர் வேண்டாம் என்றது; அக்கினி வேண்டாம் என்றது. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், தாலி கட்டினாலும் போதும் என்று அவரவர் விருப்பத்துக்கு விட்டது. ஆனால் உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில் நடக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை. சடங்கில் களையத் தக்கவை எவை என்று நாற்பது ஆண்டுக் காலம் வாதாடியவர்கள், கடைசியில் களைய முடியாததென்று மிச்சம் வைத்தது, வந்து நிற்கிற மனிதர்களை.

விசேஷங்களில் குறையில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. கடன் வாங்கி மண்டபம் பிடிக்கும் மடமையும், காதைச் செவிடாக்கும் ஒலிபெருக்கியும், வந்தவரின் நகையை எடைபோடும் கண்களும் அங்கே உண்டு. மங்கல காரியம் என்ற பெயரால் கணவனை இழந்த பெண்களை, பெற்ற தாயையே, பின்வரிசையில் ஒதுங்கி நிற்கச் செய்யும் கொடுமை இன்றும் முற்றிலும் ஒழியவில்லை. யார் எந்தப் பந்தியில் உட்காரலாம் என்பதில் சாதி வந்து குந்திக்கொள்ளும் ஊர்களும் இருக்கின்றன. இவற்றைச் சொல்லித்தான் பிள்ளையை அழைத்துப் போகாதே என்கிறார்கள். நானோ இவற்றைச் சொல்லியே அழைத்துப் போங்கள் என்பேன். சமூக அறிவியல் புத்தகத்தில் தீண்டாமையைப் பற்றிய பத்தியை நூறு தடவை படித்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தன் பாட்டி தன் பேத்தியின் தாலிகட்டைத் தூணோரம் நின்று பார்ப்பதைக் கண்டு, "ஏன் ஆச்சி முன்னே வரக் கூடாது?" என்று ஒருதடவை கேட்டுவிட்டால், அந்தக் கேள்வியால் அவ்வீட்டில் உண்டாகும் கலக்கத்துக்கு ஈடான பாடம் வேறொன்றில்லை. புத்தகத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம், பிடிக்காவிட்டால் மூடிவிடுகிறோம். பந்தலில் எதிரே வந்து உட்காருகிறவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. குடித்துவிட்டு வருகிற சித்தப்பா, பத்து வருஷமாகப் பேசாத அத்தை, சொன்னதையே சொல்லும் தாத்தா ஆகிய இவர்களோடெல்லாம் ஒரு பொழுதைக் கழிக்கப் பழகுவது, பின்னாளில் எந்த அலுவலகத்திலும் அவனுக்கு வேண்டியிருக்கும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற கடைசி வாதம் எல்லாவற்றிலும் பலவீனமானது. பதினைந்து வயதில் துக்க வீட்டுக்குப் போகாதவன் முப்பது வயதில் போகும்போது, எங்கே உட்காருவது, என்ன சொல்வது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறான். அடுத்த முறை நேரில் போவதற்குப் பதிலாக நாலு வரிச் செய்தி அனுப்பிவிட்டு, மொய்யைக் கைப்பேசி வழியாகவே செலுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். அவனுக்கு மனமில்லை என்று ஊரார் பேசுவது தவறு, அவனுக்குத் தெரியாது. சின்ன வயதில் கூச்சமின்றிக் கற்றிருக்க வேண்டியதை இப்போது யாரிடம் போய்க் கேட்பது? எந்தத் தாத்தாவின் எண்பதாம் நிறைவுக்குப் பரீட்சையின் பொருட்டு வராமலிருந்தானோ, அந்தத் தாத்தாவும் அவனுடைய பட்டமளிப்பு விழாவரை காத்திருப்பதாக எழுதிக் கொடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளை இவ்வாறு வளர்த்த பெற்றோரே, பின்னர் தங்கள் வீட்டு முகூர்த்தத்தன்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, சொந்தத்தில் இளவட்டங்கள் ஒருவரையும் காணோமே, வாளி எடுத்துப் பரிமாறக்கூட ஆளில்லையே, எல்லாவற்றுக்கும் கூலிக்கு ஆள் வைக்கவேண்டியதாகிவிட்டதே என்று முதலில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஆகையால் என் யோசனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுத் தேர்வு நாளன்று வேண்டாம். அதற்கு முந்தின நாளும் வேண்டாம். அந்த மாதத்துத் தூரத்து உறவு விசேஷங்களை விட்டுவிடுவதிலும் எனக்கு ஆட்சேபமில்லை. மற்ற நாட்களில், நெருங்கிய உறவின் நல்லதுக்கும் கெட்டதுக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். போன இடத்தில் நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் கைப்பேசியைக் கொடுக்காமல், பந்தியில் தண்ணீர் வைக்கவோ, பெரியவர்களைக் கைபிடித்து அழைத்து வரவோ, மொய் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கவோ ஒரு வேலை கொடுங்கள். அப்படியும் ஒரு நாளை மிச்சப்படுத்தியே தீரவேண்டும் என்பவர்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் மாதிரித் தேர்வுகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை.